ஆறிய இன்ஜின்

சொத்தவிளைக் கடற்கரையில்
கயிறு கட்டிய வட்டத்துக்கு வெளியே
நீலத் தார்ப்பாய் மூடிக் கிடந்தது வண்டி.
நாலு சக்கரம், ஒற்றை சீட், முன்னால் வளைந்த கம்பிக் கொம்பு.
ஆன்டோ ஜெரின் தார்ப்பாயை உருவிய விதத்தில்
பெண்பார்க்க வந்தவளைப்போல நின்றேன்.

பதினெட்டு வீடியோ பார்த்துவிட்டு வந்திருந்தேன்,
ராத்திரி ராத்திரியாக, காதில் வயர் செருகி.
மட்கார்டுக்கு அடியில் விரல் விடு, துரு உதிருதா பார்.
ஆயில் குச்சியைத் துடைத்துவிட்டு மறுபடி முக்கு,
பால் நிறமென்றால் ஓடிவிடு.
பால் நிறத்திலிருந்து நான் எங்கே ஓட,
என் காலைநேரமே அந்த நிறம்.
எல்லாவற்றுக்கும் முதலில் இன்ஜினைத் தொடு.

தொட்டேன். சுட்டது.
"வருமுன்னே ஓட்டி வச்சிருக்கிய."
"இல்லக்கா, வெயிலு."
"தார்ப்பாய்க்குள்ள வெயிலு எப்பிடி கேறிச்சு?"
காதுமடலைத் தடவிக்கொண்டு கடலைப் பார்த்தான்.
கடலில் அப்போது பார்க்க ஒன்றுமில்லை.
"செரி, ஆறட்டும்."

ஆற ஒன்றேகால் மணிநேரம் ஆனது.
கட்டன் சாயாவும் ரெண்டு ரசவடையும் வாங்கி வந்தான்.
விற்கிறவன் காசில் தின்றால்
விலை பேச நாக்கு எழும்பாதென்று பயந்து
வடைக்கு நான் கொடுத்தேன்.
திருச்சி மாப்பிள்ளை ஒருவன்
கயிற்றை அறுத்துக்கொண்டு அலைக்குள் இறக்கிய கதை சொன்னான்.
"அந்த வண்டியா இது?"
"அது போச்சுக்கா. இது அதைக் கட்டி இழுத்த வண்டி."
நம்பினேன்.
இதற்கு அவன் காதுமடலைத் தடவவில்லை.

"அக்காவுக்கு எதுக்கு இது?"
கடையாலுமூட்டுக்கு மேலே சரிவில் நூற்றெண்பது மூடு ரப்பர்.
கேன் சுமந்த பையன் கூடுதல் கூலிக்குக் கோட்டயம் போய்விட்டான்.
என் வலதுமுட்டி போன மழையோடு ராஜினாமா கொடுத்துவிட்டது.
இதில் ஒன்றையும் சொல்லவில்லை,
தேவை தெரிந்தால் விலை ஏறும்.
"சும்மா, பிள்ளையளுக்கு ஓட்டத்தான்" என்றேன்,
என் காதுமடலைத் தடவிக்கொண்டு.

இப்போது கை வைத்தால் பொறுத்தது.
பொத்தானை அமுக்கினேன். இருமியது.
இரண்டாம் முறை இருமி, துப்பி,
மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது.
நீலப் புகை இல்லை.
ஒன்று இருபது என்றவன் தொண்ணூற்றிரண்டில் நின்றான்.
சீட்டுப் பணம், ரப்பர் பேண்டு போட்ட கட்டு.
எச்சில் தொட்டு அவன் எண்ண எண்ண
வயிற்றுக்குள் ஏதோ எழும்பி நின்றது,
சந்தோஷம்தான் என்று வைத்துக்கொண்டேன்.

ரோட்டில் ஓட்டக்கூடாத வண்டி.
குட்டியானையில் ஏற்றி, தக்கலை தாண்டி, குலசேகரம் கேறிக்
கொண்டுவந்து சேர்த்தேன்.
"சர்க்கஸ் சாமானா?" என்று மட்டும் கேட்டான் டிரைவர்.

மறுநாள் ஒன்பதரைக்கு நாலு கேன் கட்டிச் சரிவில் விட்டேன்.
நேரே போகமாட்டேன் என்றது.
கைப்பிடி நேராக இருக்க, வண்டி இடப்பக்கம் சாய்ந்தது.
இறங்கிக் குனிந்து பார்த்தேன்:
இடப்பக்க டயர் இரண்டும் வழுக்கை,
வலப்பக்கத்தில் இன்னும் பல் இருந்தது.
பதினெட்டில் ஒருத்தனும் சொல்லவில்லையே.
கயிற்றுக்குள்ளே ஆறு வருஷம்
கோயில் சுற்றுகிறமாதிரி
வலமாகவே வந்திருக்கிறது சவம்.

விசைக்குக் கீழே ஒரு திருகாணி,
சுற்றுலாக்காரன் வேகம் எடுக்காதிருக்க முடுக்கி வைத்தது.
கழற்ற ஸ்பானர் இருக்கிறது.
இடப்பக்கம் பள்ளமும் இருக்கிறது,
பள்ளத்துக்குக் கீழே சிற்றாறு அணைத் தண்ணீர்.
முதலில் டயர், பிறகு திருகாணி,
முதலில் டயர், பிறகு திருகாணி என்று
வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே
வலப்பக்கம் இழுத்துப் பிடித்து மேலே கேறுகிறேன்.

பின்னால் பால் தளும்புகிற சத்தம்.
ஒரு கேனுக்கு மூடி போடவில்லை.